மூன்று பத்து

பேசச் சொல்லி எழுப்பிவிட்டீர்கள்.
பேசுகிறவன் இல்லை நான்.
புந்தா அரேனாஸில் பாதிப் பேருக்கு ரொட்டி சுடுகிறவன்,
நிபால்டோ. ஒன்பதாம் வகுப்பு யெர்காவின் அப்பா.
இந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததில்
கால் மரத்துக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கூட்டம் நினைவிருக்கும்.
பிள்ளைகளின் கைபேசிகளை
மெகல்லன் நீரிணையில் எறியவேண்டும் என்று
முதலில் கத்தியவன் நான்தான்.
கை தட்டினீர்கள்.
திரு. மான்சியா மேசையையும் தட்டினார்.

என் மனைவி ஸ்லாவ்காவுக்கு நண்டு ஆலையில் பகல் ஷிஃப்ட்.
எனக்கு இரவு.
எங்கள் கட்டில் ஆறியதே இல்லை:
அவள் எழுந்த சூட்டில் நான் படுப்பேன்.
இடையில் ஒருத்தி
வளர்ந்துகொண்டிருந்தாள்.

கணக்குத் தொடங்கிக் கொடுத்தவன்
அடுப்படிப் பையன் டெல்ஃபின்.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
படம் கேட்டது;
என் கட்டைவிரல்தான் விழுந்தது.
இன்றுவரை அதுதான் அங்கே என் முகம்.
மாவு ஒட்டிய விரலை அந்தக் கண்ணாடி மதிக்காது,
மூக்கால் தட்டப் பழகினேன்.
சிரியுங்கள், பரவாயில்லை.

முதல் வாரம் பார்த்ததெல்லாம்
ஒரு பூனை,
யாரோ வெட்டிய தர்பூசணி,
மச்சான் வாங்கிய படகு, நான்கு கோணத்தில்.
இதற்கா இவ்வளவு என்று மூடப்போனேன்.

யெர்காவிடம் அனுமதி கேட்டிருந்தேன்.
பதினோரு நாள் வாசலில் நிறுத்திவைத்தாள்.
நியாயம்தான்.
அவள் அறைக் கதவை நான் தட்டாமல் திறந்த நாட்களை
எண்ணிப் பார்த்தால்
பதினொன்று ஜாஸ்தி இல்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்.
இரண்டாம் ஈடு மாவு பொங்கிக்கொண்டிருந்தது.
ஒரு வரி வந்தது, யாருக்கும் என்று இல்லாமல்:
யாராவது முழித்திருக்கிறீர்களா?
மணி மூன்று பத்து.

முழங்கையால் மேலே தள்ளிப் பார்த்தேன்.
திங்கள், மூன்று மணி, அதே வரி.
வெள்ளி, இரண்டு ஐம்பது.
மே மாதம்.
ஏப்ரல்.
அடுப்பு முன்னால் நின்றவனுக்குக் குளிரெடுத்தது.

முழித்திருந்தேனே, கண்ணே!
பத்தொன்பது வருஷமாக
இந்த ஊரில் மூன்று மணிக்கு முழித்திருப்பதுதானே
என் உத்தியோகம்.
ஏழே தெரு தள்ளி.

தூங்கு என்று எழுதினேன், அழித்தேன்.
என்ன ஆச்சு. அதையும் அழித்தேன்.
கடைசியில் மாவுத் தொட்டியைப் படம்பிடித்து அனுப்பினேன்.
மூடிய துணியைத் தூக்கிக்கொண்டு
உப்பி வழிந்தது அது அன்றைக்கு.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
அப்பா, அது எப்போதுமே அவ்வளவு பெரிசா?

அவ்வளவுதான் அன்றைய பேச்சு.
மனசில் இருப்பதைப் பின்னால் கொஞ்சம் சொன்னாள்,
அதை இங்கே சொல்லமாட்டேன்.
விதிகள் அவளுடையவை:
படத்துக்குக் கீழே முத்தம் போடக் கூடாது.
பல் விழுந்த காலத்துப் படங்கள் கூடவே கூடாது.
ஒருமுறை மீறினேன்.
இரண்டு நாள் மறுபடி வாசலில்.

ஆபத்து இல்லையா என்கிறீர்கள், திருமதி அந்திகேரா.
இருக்கிறது.
அவள் தோழிக்கு ஒருவன் எழுதியதைப் படித்துவிட்டு
அன்று ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கினேன்.
ஆனால் படித்தேன். அவள் காட்டினாள்.
அந்தத் தோழியின் அம்மாவோடு போய்ப் புகாரும் கொடுத்தோம்.

காற்று வலுத்த நாளில்
நம் தெருமுனைகளில் கயிறு கட்டுகிறார்கள்.
காற்றை நில் என்று சொல்லி யாரும் நிறுத்தியதில்லை.
ஜன்னலுக்குள் நின்று திட்டுகிறவன்
தொப்பி பறக்காது, சரி.
அவன் கையை யாரும் பிடிக்கவும் முடியாது.

ஆகவே திரு. மான்சியா,
கடலில் எறிகிற பேச்சை வாபஸ் வாங்குகிறேன்,
குறிப்பேட்டில் அடித்துவிடுங்கள்.
மணி ஒன்பதாகிறது, எனக்கு வேலை.
கணக்குத் தொடங்கத் தெரியாதவர்கள்
கடையின் பின்கதவில் டெல்ஃபினைக் கேளுங்கள்,
ஒரு கிலோ ரொட்டி வாங்கினால் போதும்.
என்னைத் தேடுகிறவர்கள்
கட்டைவிரலைத் தேடுங்கள்.